பியோவிடம் நீட்டிய கை

2019ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், வெள்ளிக்கிழமை. சியோல் நகரின்மேல் விடியற்காலை முதலே சாம்பல் நிற மேகம் கவிழ்ந்து கிடந்தது. காற்றில் ஈரம் இருந்தது; மழை இன்னும் இறங்கவில்லை. நண்பகலுக்குப் பின் குளிர்மழை கொட்டும் என்று விமான நிலையத்துத் தொலைக்காட்சிகள் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தன.

அந்த அறிவிப்பைத் தஷ்ஞாம் பார்த்தார். மொழி தெரியாததால் ஒன்றும் விளங்கவில்லை. மங்கோலியத் தலைநகர் உலான்பாதரிலிருந்து இரவு விமானத்தில் வந்து இறங்கியிருந்த அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தெற்கு எல்லையில் நிலக்கரி லாரி ஓட்டிப் பிழைப்பவர். இளமையில் மல்யுத்தத்தில் தம் மாகாணத்தின் ‘யானை’ என்னும் பட்டத்தைப் பெற்றவர். பட்டத்தை மற்றவர்கள் மறந்தாலும் அவருடைய கழுத்தும் தோளும் இன்றுவரை மறக்கவில்லை. சியாட்டில் நகருக்குச் செல்லும் அடுத்த விமானம் மாலையில்தான் புறப்படும். பகல் முழுவதும் அவர் கையில் இருந்தது.

சியாட்டிலில் அவருடைய ஒரே மகள் அனுதாரி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றமையால் வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்றும், குருதிப்போக்கு மிகுந்தால் தாயின் உயிருக்கே உறுதி கூற இயலாது என்றும் மருத்துவர்கள் கூறியிருந்தனர். கணவன் அவளை விட்டு நீங்கியிருந்தான். தாய் முன்பே இறந்திருந்தாள். சியோலைவிடப் பதினேழு மணி நேரம் பின்தங்கிய அந்த ஊர்க் கணக்கில் அறுவைச் சிகிச்சை அதே வெள்ளிக்கிழமை பிற்பகல். மாலை விமானத்தில் ஏறிவிட்டால், அவளை உள்ளே தள்ளிச் செல்லும்போது தஷ்ஞாம் கட்டிலருகே நின்று அவள் கையைப் பற்றிக்கொள்ளலாம். அதற்காகவே அவர் புறப்பட்டு வந்தார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவள் நரா. சியோலின் துணிச் சந்தையில் பட்டும் கோட்டுக்கு உள்ளே தைக்கும் துணியும் வாங்கி உலான்பாதரில் விற்பவள். கொரிய மொழியை அங்காடித் தெருவிலேயே கற்றவள். வாய் ஓயாதவள்.

“பகல் பூரா இந்த நாற்காலியிலயா உக்காந்திருக்கப் போறீங்க, அண்ணே? நாற்காலி பாவம். வாங்க, ஊரைக் காட்டுறேன்.”

“வழி தவறிட்டா?”

“உங்களைத் தொலைக்கணும்னா பெரிய ஊரா வேணும். இந்த ஊரு பத்தாது.”

அமெரிக்க விசா இருந்தமையால் நகருக்குள் சென்றுவர அதிகாரிகள் தடை கூறவில்லை. இருவரும் ரயில் ஏறினர்.

அலுவலகத்துக்குச் செல்லும் கூட்டம் பெட்டியை அடைத்து நின்றது. முதல் வளைவிலேயே தஷ்ஞாமின் கனத்த காலணி ஓர் இளைஞனின் கால்மேல் ஏறியது. உடனே அவர் கையை நீட்டி இளைஞனின் கையைப் பற்றிக் குலுக்கினார். மங்கோலியரிடையே கால் காலில் பட்டால் அக்கணமே கை கையைத் தொட வேண்டும்; தொடாவிட்டால் அந்த இருவருக்குமிடையே பகை நின்றுவிடும். இதை எவரும் எவருக்கும் கற்பிப்பதில்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்துவது போல அந்தக் கை தானாக எழும். இளைஞன் திகைத்தான், எனினும் தலை தாழ்த்திக் கையைக் கொடுத்தான். அடுத்த நிலையத்தில் கண்ணாடி அணிந்த ஒரு முதியவர். அதற்கடுத்து ஒரு பள்ளி ஆசிரியை போன்ற பெண்மணி.

நரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “தேர்தல்ல நிக்கிறீங்கன்னு நெனச்சிருப்பாங்க, யானை அண்ணே. இறங்குறதுக்குள்ள நூறு ஓட்டு தேறிடும்.”

“மிதிச்சா கை குடுக்க வேணாமா?”

“நம்ம ஊர்ல ஆளுக்கு ஒரு மைல் நிலம் இருக்கு. எப்பவாவது ஒருத்தன் கால மிதிக்கலாம், கை குடுக்கலாம். இங்க குடுக்க ஆரம்பிச்சா சாயங்காலம் கை கழண்டு விழுந்துடும்.”

எலும்புச் சூப்புக் கடையொன்றில் இருவரும் காலை உணவு உண்டனர். சூப்பு நன்றாக இருந்தது; ஆட்டுக் கொழுப்பு மட்டும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று தஷ்ஞாம் கருதினார். பின்னர் ஓடைக்கரை வழியாக நடந்தனர். நகருக்கு நடுவே, சாலைக்குக் கீழே, நீர் தெளிவாக ஓடியது. இத்தனை மனிதர்கள் இருந்தும் ஒருவரும் ஒருவரை ஏறிட்டுப் பார்க்காதது அவருக்கு வியப்பளித்தது. மகள் இருக்கும் ஊரும் இப்படித்தான் இருக்குமோ என்று எண்ணினார். அங்கே அவள் தனியாகக் கிடப்பது அப்போதுதான் அவருக்கு உண்மையாக உறைத்தது.

நண்பகல் கடந்தபோது துணிச் சந்தையின் பின்புறச் சந்துக்குள் நுழைந்தனர். இருபுறமும் துணிச் சுருள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. முதுகில் மரச்சட்டம் கட்டிய சுமைகாரர்கள், தம்மைவிட உயரமான சுமைகளைத் தாங்கி, நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கோலை ஊன்றி ஊன்றி, வழி விடச் சொல்லிக் கத்தியபடி நடந்தனர். மோட்டார் சைக்கிள்கள் அவர்களுக்கிடையே நெளிந்து சென்றன.

ஒரு கடையின் மேலே நீல நிறப் பட்டொன்று தொங்கியது. அனுதாரியின் திருமண உடைக்கு வாங்கிய பட்டும் அதே நீலம். தஷ்ஞாம் அண்ணாந்து பார்த்தபடியே அடியெடுத்து வைத்தார்.

காலடியில் ஏதோ நொறுங்கியது போலிருந்தது. அதனுடன் ஓர் அலறல் எழுந்தது.

கடைப்படியில் அமர்ந்திருந்த சுமைகாரன் ஒருவனின் கால் அது. அவன் பெயர் பியோ, நாற்பது வயதிருக்கும். இரண்டு நாட்களுக்கு முன் துணிச் சுருள் விழுந்து கட்டைவிரல் முறிந்து, கட்டுப் போட்ட காலைச் செருப்பில் நுழைத்து நீட்டி அமர்ந்திருந்தான். அந்த விரலின்மேல்தான் தஷ்ஞாமின் முழு எடையும் இறங்கியிருந்தது. கட்டுத் துணியில் சிவப்பு பரவியது.

தஷ்ஞாம் குனிந்தார். அவனுடைய வலக்கையைத் தம் கைக்குள் பற்றினார்.

வலியில் கண் இருண்டிருந்த பியோவுக்குத் தெரிந்தது இவ்வளவே: மலை போன்ற ஓர் அந்நியன் தன் முறிந்த விரலை மிதித்தான், இப்போது தன் கையையும் முறுக்க வருகிறான். அவன் கையை உதறினான். உதற உதறத் தஷ்ஞாம் பிடியை இறுக்கினார். ஏனெனில் குலுக்கல் இன்னும் முடியவில்லை. பியோ இடக்கையால் தன் கவைக்கோலைத் தேடியெடுத்து அவருடைய தலையின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தான்.

காது கிழிந்தது. சூடான குருதி கழுத்துக்குள் இறங்கியது. தஷ்ஞாமின் பிடி நழுவியது.

“அண்ணே, விடுங்க! விட்டுட்டு வாங்க!” என்று நரா அலறினாள்.

பியோவின் கூட்டாளி மான்சு எதிர்க்கடையிலிருந்து பாய்ந்து வந்தான். இளைஞன், முறுக்கேறிய உடம்பு. அவன் பின்னாலிருந்து தஷ்ஞாமின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு நெரித்தான். மூச்சு அடைபட்டது. பியோவின் கோல் இப்போது விலாவில் இறங்கியது. மீண்டும் அதே இடத்தில் இறங்கியது.

அதன் பிறகு நடந்ததைத் தஷ்ஞாம் எண்ணிச் செய்யவில்லை. முப்பது ஆண்டுகள் மண்ணில் உருண்ட உடம்பு அதைச் செய்தது. கழுத்திலிருந்த கையைப் பற்றி, இடுப்பைத் தாழ்த்தி, தோளை முன்னே தள்ளினார். மான்சு அவருடைய தலைக்கு மேலாகப் பறந்து, கடையின் இரும்புக் கதவில் மோதித் தரையில் விழுந்தான். அவன் விழுந்த பின்பும் அவனுடைய கை சேர வேண்டிய இடத்தில் சேராமல் முழங்கைக்குக் கீழே வேறொரு திசையில் வளைந்து கிடந்தது. அதை அவனே பார்த்தான். பார்த்த பிறகுதான் கத்தத் தொடங்கினான்.

சுமைகாரர்கள் மான்சுவைச் சூழ்ந்துகொண்டனர். அதற்குள் நரா தஷ்ஞாமின் கோட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சுரங்க ரயில் நிலையத்தின் கழிப்பறைக்கு வெளியே, கைகழுவும் தொட்டியருகில், அவள் அவருடைய காதை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தாள். துணி நனைந்து நனைந்து சிவந்தது. வெளியே மழை தொடங்கியிருந்தது.

“விலா ஒடிஞ்சிருக்கா?”

“ஒண்ணு ஒடிஞ்சிருக்கும். மூச்சு விட்டா குத்துது.”

“அப்ப மூச்சு விடாதீங்க. நேரா ரயில் ஏறுங்க, ஏர்போர்ட்டுல போய் உக்காருங்க. தொப்பிய இழுத்து விட்டுக்குங்க. யாருக்கும் தெரியாது.”

தஷ்ஞாம் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கை குடுக்கல” என்றார்.

“என்னது?”

“அவன் கையை உதறிட்டான். குலுக்கல் முடியல.”

நரா துணியைத் தொட்டியில் வீசினாள். “இந்த ஊர்ல ஒரு நாளைக்கு எத்தன லட்சம் கால் மிதிபடுது தெரியுமா? எல்லாரும் பகையாளின்னா இந்த ஊரு என்னைக்கோ எரிஞ்சு போயிருக்கும்!”

“அவங்க பகை அவங்களோட. இது என்னோடது.”

“அண்ணே, அவனுக்கு இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதே தெரியாது. தெரியாதவன் மேல பகை எப்படி ஒட்டும்?”

“எனக்குத் தெரியுதே.”

“அங்க மக படுத்துக் கெடக்குறா. மக முக்கியமா, எவனோ ஒருத்தன் கட்டைவிரல் முக்கியமா?”

“அவளுக்காகத்தான் சொல்றேன்.” தஷ்ஞாமின் குரல் உயரவில்லை. “அவ வயித்தைக் கீறப் போறாங்க. அந்த நேரத்துல வாசல்ல வந்து நிக்கிற அப்பன், கூடவே ஒரு பகையையும் கூட்டிட்டு வரக்கூடாது. பொறக்கப் போறதும் அந்த வாசல் வழியாத்தான் வரணும்.”

“ஒரு ஆளோட கைய ஒடிச்சிட்டீங்க. இப்பப் போனா சும்மாவா விடுவாங்க?”

“அடிக்கட்டும். அது அவங்க கணக்கு. நான் திருப்பி அடிக்க மாட்டேன்.”

“போய்ச் சாவுங்க. உங்க பெட்டிய நான் ஊருக்கு எடுத்துட்டுப் போயிடறேன்.”

ஆயினும் அவர் படியேறியபோது நராவும் பின்னே வந்தாள். வழிநெடுக அவரையும், அவருடைய மாகாணத்தையும், அவருக்குப் பட்டம் கொடுத்தவர்களையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

சந்தையின் பின்னால், சரக்கு வண்டிகள் நிற்கும் திறந்தவெளியில் பியோ இருந்தான். மான்சுவை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, வேறு இரண்டு சுமைகாரர்களுடன் தகரக் கூரையின் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தான். கட்டு அவிழ்ந்த காலை ஒரு நெகிழிப் பையால் சுற்றிக் கட்டியிருந்தான். மழைக்குள்ளிருந்து தஷ்ஞாம் வருவதைக் கண்டதும் மூவரும் அவர் பக்கம் திரும்பினர்.

நரா முன்னே சென்று கொரிய மொழியில் வேகமாகப் பேசினாள். கெஞ்சினாள் என்பது தஷ்ஞாமுக்கு அவளுடைய முதுகிலேயே தெரிந்தது. பியோ முழுவதும் கேட்டான். பின்னர் சிரித்தான், கண்கள் சிரிக்கவில்லை; சிரித்தபடியே நீளமாக ஏதோ சொன்னான்.

“என்ன சொல்றான்?” என்று தஷ்ஞாம் கேட்டார்.

“போயிடச் சொல்றான்.”

“நரா, அவ்வளவு நீளமா ‘போ’ன்னு ஒரு வார்த்தை இருக்கா? உள்ளதச் சொல்லு.”

அவள் பியோ சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாள். “‘என் விரல மிதிச்சான், என் கூட்டாளி கைய ஒடிச்சான், இப்ப கை குடுக்க வந்தானாமா? குடுக்கச் சொல்லு. வந்த கையில ஒண்ணு ஒடிஞ்சுதான் திரும்பிப் போகும்’கிறான். அண்ணே, வெளையாட்டுக்குச் சொல்லல.”

“சரி” என்றார் தஷ்ஞாம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மழையில் நின்றவாறே வலக்கையை நீட்டினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாம் அடி கழுத்தில். கவைக்கோல் காய்ந்த கெட்டி மரத்தால் ஆனது. ஒரு மனிதனின் எடையையும் சுமையின் எடையையும் சேர்த்துத் தாங்குவதற்கென்றே செதுக்கப்பட்டது. அது இறங்கும்போதெல்லாம் மழைநீர் தெறித்தது. நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. மற்ற இருவரில் தடித்தவன் பின்னால் சென்று முழங்காலின் மடிப்பில் உதைத்தான். தஷ்ஞாமின் ஒரு கால் மடங்கியது. மடங்கிய காலைச் சேற்றிலிருந்து இழுத்து மீண்டும் நின்றார். உதைத்தவன் மறுபடி உதைத்தான். இம்முறை அவர் மடங்கவில்லை. அது அவனுடைய சினத்தைக் கூட்டியது. அவன் வண்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாயை எடுத்து அவருடைய முதுகில் குறுக்காக வீசினான்.

வாயில் குருதியின் சுவை வந்தது. ஏற்கெனவே முறிந்த விலா உள்ளே எதையோ துளைப்பதுபோல் இருந்தது.

பியோ மிக அருகில் நின்றான். அவனுடைய இடுப்புவார் தஷ்ஞாமின் இடக்கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அவன் எடை முழுவதும் நல்ல காலின்மேல் சாய்ந்திருந்தது. வாரைப் பற்றி, அந்தக் காலைத் தட்டினால் போதும். அவனைத் தலைகீழாகத் தரையில் ஊன்றிவிடலாம். உடம்பு அதைச் செய்யத் துடித்தது. விரல்கள் தாமாகவே அசைந்தன. தஷ்ஞாம் இடக்கையைத் தம் கோட்டுப் பைக்குள் திணித்து, பையின் உட்துணியைக் கிழியுமளவு பற்றிக்கொண்டார்.

“நிறுத்துங்கடா! சாகப் போறாரு!” என்று நரா இரு மொழிகளிலும் கத்தியபடி இடையில் புகுந்தாள். இரும்புக் குழாய் வைத்திருந்தவன் அவளை முகத்தில் அறைந்து தள்ளினான். உதடு பிளந்து அவள் வண்டிச் சக்கரத்தின்மேல் விழுந்தாள்.

அப்பொழுது மட்டும் தஷ்ஞாம் திரும்பினார். அந்தத் தடித்தவனின் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பற்றி ஒரே கையால் தரையிலிருந்து தூக்கினார். அவனுடைய கால்கள் காற்றில் உதறின; குழாய் கைநழுவித் தரையில் ஒலித்தது. அவனை எறிய வேண்டிய இடமும் கண்ணுக்குத் தெரிந்தது: வண்டியின் கூரான மூலை. அவனும் அதைப் பார்த்துவிட்டான். அவன் வாயிலிருந்து குழந்தையின் அழுகை போன்ற ஒலியொன்று வந்தது. தஷ்ஞாம் அவனை மெதுவாக, நின்ற இடத்திலேயே, இறக்கி வைத்தார். பின்னர் பியோவின் பக்கம் திரும்பி மீண்டும் வலக்கையை நீட்டினார்.

பியோவின் கோல் நேராக அந்தக் கையின்மேல் இறங்கியது.

விரல்கள் முறியும் ஓசை மழையிலும் தெளிவாகக் கேட்டது. நடுவிரலும் மோதிர விரலும் பின்னோக்கி மடங்கி நின்றன. தஷ்ஞாம் முதன்முறையாக வாய்விட்டு அலறினார். கை தானாகத் தொங்கிவிட்டது. தூக்க முயன்றார், எழவில்லை. ஆதலால் இடக்கையைப் பையிலிருந்து எடுத்து, வலது முழங்கையின் கீழே கொடுத்துத் தாங்கி, முறிந்த கையை மறுபடியும் உயர்த்திப் பிடித்தார்.

இளைஞனான மூன்றாவது சுமைகாரன் அதுவரை ஓர் அடியும் அடிக்காமல் ஒதுங்கி நின்றவன். அவன் பியோவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். நரா, பிளந்த உதட்டோடு, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாள். அது தனக்கே விளங்குவதற்காகச் சொல்வது போலிருந்தது:

“‘பாருண்ணே. எங்கப்பா வயசு இருக்கும். ரெண்டு கையால நீட்டுறான்’கிறான்.”

பெரியவருக்கு எதையேனும் கொடுக்கும் கொரியன் வலக்கையை இடக்கையால் தாங்கியே கொடுப்பான். கூலி வாங்கும்போதும் மது ஊற்றும்போதும் பியோ ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்தான். இங்கோ வயதில் மூத்தவன் ஒருவன், அடித்த தனக்கு அந்த மரியாதையைச் செய்கிறான். தஷ்ஞாம் செய்தது மரியாதை அன்று. கை எழாததே காரணம். ஆனால் பியோவின் கண்ணுக்கு மரியாதையே தெரிந்தது. அவனுடைய கோல் பாதி உயரத்தில் நின்றது. நெற்றியிலிருந்து நீர் வழிந்தது. தன் கூட்டாளிகள் இருவரும் தன்னைப் பார்ப்பதையும் அவன் உணர்ந்தான்.

கோலைக் கீழே எறிந்தான். நொண்டியபடி ஓரடி முன்னே வந்து தஷ்ஞாமின் கையைப் பற்றினான்.

அவன் மன்னித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மரியாதை தன்னைக் கட்டிப்போட்டது என்பதே அவனுக்குப் பெருஞ்சினமாக மூண்டிருந்தது. முறிந்த இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் சேர்த்து, பல்லைக் கடித்து, சுமை தூக்கிப் பழகிய தன் முழு வலிமையாலும் நசுக்கினான். எலும்பு எலும்பின்மேல் அரைபட்டது. தஷ்ஞாமின் முகம் வெளிறியது. எனினும் அவர் கையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. மேலும் கீழுமாக ஒருமுறை, ஒழுங்காக, அதைக் குலுக்கினார். பின்னர் நெடுமூச்சு விட்டார். அவருடைய முகத்தில் ஓர் அமைதி படர்ந்தது.

அந்த அமைதியைக் கண்டு பியோ அஞ்சினான். சுட்டுக்கொண்டவன்போல் கையை உதறிப் பின்வாங்கினான்.

“பைத்தியமான்னு கேக்குறான், அண்ணே.”

“முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லு.”

தொலைவில் காவல் வண்டியின் ஒலி கேட்டது. நரா அவரைச் சந்து வழியே இழுத்துச் சென்று ஒரு டாக்சியில் தள்ளித் தானும் ஏறிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, மழை. ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டிகள் நகரவேயில்லை. நரா தன் பையிலிருந்த மாதிரித் துணியைக் கிழித்து அவருடைய கையைச் சுற்றிக் கட்டினாள். கை இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இருக்கையில் கறை படக்கூடாது என்று முணுமுணுத்தார்.

“மருத்துவமனைக்குப் போகணும், அண்ணே.”

“போறேன். மக இருக்குற மருத்துவமனைக்கு.”

“சிரிக்காதீங்க. பல்லெல்லாம் ரத்தம்.”

விமான நிலையத்தில் அவள் தன் கம்பளித் துண்டை அவருடைய கழுத்தில் சுற்றி, காதையும் மறைத்து, தொப்பியைத் தாழ்த்திவிட்டாள். “யாராவது எதுனா கேட்டா மாடிப்படியில விழுந்தேன்னு காட்டுங்க. போங்க, ஓடுங்க!” அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை.

தஷ்ஞாம் ஓடினார். ஒவ்வொரு மூச்சும் விலாவில் குத்தியது. வாயிலை அடைந்தபோது வரிசை முடிந்து கடைசிப் பயணிகள் உள்ளே சென்றுகொண்டிருந்தனர். பாஸ்போர்ட்டையும் சீட்டையும் இடக்கையால் நீட்டினார். இடக்கையால் எவருக்கும் எதையும் அவர் அதுவரை நீட்டியதில்லை. அந்த வெட்கத்தில் தலை குனிந்தார். குனிந்தபோது கம்பளித் துண்டு விலகியது.

சீருடைப் பெண் சீட்டை வாங்கவில்லை. அவருடைய காதைப் பார்த்தாள். கழுத்தில் உறைந்த குருதியைப் பார்த்தாள். கோட்டுக்குள் மறைத்த கையிலிருந்து தரைவிரிப்பில் சொட்டிய துளியைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். தஷ்ஞாம் மாடிப்படியில் விழுந்ததாகச் சைகை காட்டினார். அவள் மேலதிகாரியை அழைத்தாள். அவர் வந்து, பணிவோடு, இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். நீண்ட பயணம், இந்த நிலையில் ஏற்ற இயலாது, மருத்துவர் பார்க்க வேண்டும். சொற்கள் விளங்கவில்லை, பொருள் விளங்கியது.

“மக” என்றார் தஷ்ஞாம். தம் வயிற்றைத் தொட்டு, கத்தியால் கீறுவதுபோல் கோடிழுத்துக் காட்டினார். “மக, மக.” சீருடைப் பெண் அஞ்சிப் பின்னே நகர்ந்தாள்.

கதவு மூடப்பட்டது.

தொலைபேசி அதிர்ந்தது. அனுதாரி. அங்கே பின்னிரவு, அவள் உறங்கியிருக்கவில்லை.

“அப்பா, ஏறிட்டீங்களா? ஜன்னல் பக்கமா?”

“இல்லம்மா. ஏத்த மாட்டேங்கிறாங்க. அடி பட்டிருக்கு.”

“என்ன அடி? யாரு அடிச்சா?”

அவர் சொன்னார். சுருக்கமாக, மறைக்காமல், சந்தில் மிதித்தது முதல் கை குலுக்கியது வரை அனைத்தையும் சொன்னார். மறுமுனையில், கருவியொன்றின் சீரான ஒலிக்கு நடுவே, அவள் கேட்டாள்:

“எவனோ ஒருத்தன் கையப் பிடிக்கத் திரும்பிப் போனீங்களா?”

“உன் வாசலுக்குப் பகையோட வரக்கூடாதுன்னுதாம்மா...”

“பகையோடயே வந்திருக்கலாம்ப்பா! நூறு பேர் பகையோட வந்திருக்கலாம்! எனக்கு நீங்க வேணும். இன்னைக்கு உள்ள போறப்ப நான் யார் கையப் பிடிக்கிறது? சொல்லுங்க, யார் கையப் பிடிக்கிறது?”

அவள் அழுதாள், பின்னர் இணைப்பு அறுந்தது. அறுந்ததா, அவளே அறுத்தாளா என்பது தெரியவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானம் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பகல் முழுவதும் பையின் உட்துணியில் பற்றி அடக்கி வைத்திருந்தது அனைத்தும் அப்போது தஷ்ஞாமின் உடம்பில் எழுந்தது. கட்டிய வலக்கையை ஓங்கிக் கண்ணாடியில் இடித்தார். மீண்டும் இடித்தார். நராவின் துணி கிழிந்து பறந்தது, கண்ணாடியில் சிவப்புப் பட்டைகள் இறங்கின, கண்ணாடி உடையவில்லை. சுற்றியிருந்தோர் கூச்சலிட்டு விலகினர். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். “அனுதாரி!” என்று அவர் கத்தினார், நெற்றியாலும் கண்ணாடியை மோதினார்.

காவலர் இருவர் ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து பற்றி, முகம் தரையில் படும்படி வீழ்த்தினர். ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். மற்றவன் முறிந்த கையைப் பின்னால் திருப்பி விலங்கிட்டான். இருவரையும் ஒருசேரத் தூக்கி எறிய அவருடைய உடம்பு வழி அறிந்திருந்தது. அவர் அசையாமல் கிடந்தார். தரையோடு ஒட்டிய கண்ணால், மழைக்குள் விமானத்தின் சிவப்பு விளக்கு ஓடுபாதையில் விரைந்து மேலெழுவதை மட்டும் பார்த்தார்.

அப்போது மாலை மணி ஏழு அடித்து நான்கு நிமிடம்.